கஞ்சி ஹீட்டர்

கோவிந்தராசுவுக்கு நாற்றம் என்றால் ஆகாது. மில்லில் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கருவாட்டுக் கூடை ஏற்றிய வண்டி முன்னால் போனால், அது கண்மறையும் வரை சைக்கிளை ஓரமாக நிறுத்திவிடுவான். மீன் கழுவிய தண்ணீரைப் பெண்சாதி அஞ்சலாட்சி வாசலில் ஊற்றிவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. "இந்த மூக்க வச்சிக்கினு நீ எப்பிடித்தான் மில்லுல குப்ப கொட்டுறியோ" என்று அவள் சிரிப்பாள். எண்ணெயும் கிரீசும் நாற்றமே இல்லை என்பது அவன் கட்சி. அழுகின வாடைதான் அவனுக்கு எமன்.

அப்படிப்பட்டவன் தலையில்தான் மில்லிலேயே அழுகின வேலை விடிந்தது.

பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் மாவும் மாட்டுக் கொழுப்பும் கலந்திருக்கும். நெய்த துணியை வெளுப்பதற்கு முன்னால் அந்தக் கஞ்சியை வெந்நீரில் அலசி எடுத்துவிடுவார்கள். அலசிய தண்ணீர் கொதிக்கக் கொதிக்கச் சாக்கடைக்குப் போகும். அந்தச் சூட்டை வீணாக்குவானேன் என்று பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே பாய்லர் கூடத்துக்குப் பின்னால் ஒரு ஹீட்டர் வைத்திருந்தார்கள். படுக்க வைத்த பெரிய இரும்பு உருளை அது. ஓர் ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு அகலம். உள்ளே நூற்றுக்கணக்கான பித்தளைக் குழாய்கள் ஒரே கட்டாக இருக்கும். குழாய்களுக்குள் பாய்லருக்குப் போகிற நல்ல தண்ணீர் ஓடும். குழாய்களைச் சுற்றிக் கஞ்சித் தண்ணீர் ஓடும். நாளாக நாளாகக் கஞ்சியும் கொழுப்பும் குழாய்களின் மேல் அப்பிக்கொண்டு சூடு ஏறாமல் போகும். அப்போது அந்தக் கட்டை முழுசாக வெளியே இழுத்து, சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். கட்டுக்குப் பிரெஞ்சில் ஃபேசோ என்று பெயர். மில் ஆட்கள் வாயில் அது பேசோ ஆகிவிட்டது.

ஷெஃப் என்று எல்லோரும் கூப்பிட்ட வெள்ளைக்காரப் பெரிய மேஸ்திரி இருந்த வரைக்கும் அந்த வேலைக்கு மூன்று நாள் ஒதுக்குவார். முதல் நாள் தண்ணீரை வடித்து, முன்மூடி பின்மூடி இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு ராத்திரி முழுக்கக் கடல் காற்று அதற்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் கிட்டப் போகலாம். பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம் அவர் தம் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த சூப்பர்வைசர் தணிகாசலம், மூன்று நாள் என்பது வெள்ளைக்காரனின் சோம்பல் என்று சொல்கிறவர்.

அந்த வருஷம் பஞ்சு வராமல் மில் சில வாரம் நின்றிருந்தது. ஹீட்டரில் கிடந்த கஞ்சியை யாரும் இறக்கவில்லை. மில் மறுபடி ஓடியபோது ஹீட்டர் அடைத்துக்கொண்டுவிட்டது. அதை அப்படியே ஒதுக்கி வைத்துவிட்டு ஓட்டினார்கள். சித்திரை வெயில், வைகாசி வெயில் எல்லாம் அந்த இரும்பின் மேல் காய்ந்தது. உள்ளே கஞ்சி புளித்தது, அழுகியது, பிறகு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

ஆடி ஐந்தாம் வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் தேர். ஊரே அங்கே போய்விடும், மில்லுக்கும் லீவு. அந்த ஒரு நாளுக்குள் பேசோவை இழுத்துக் கழுவி உள்ளே தள்ளிவிட வேண்டும், சனிக்கிழமை காலைச் சங்கு ஊதும்போது ஹீட்டர் ஓட வேண்டும் என்று தணிகாசலம் சொல்லிவிட்டார். ஃபிட்டர் மேஸ்திரி கோவிந்தராசு. செயின் பிளாக் கட்டித் தூக்க இறக்க ஹிதாயத்துல்லா. கைவேலைக்கு இரண்டு கூலி ஆட்கள். அவ்வளவுதான் ஜனம்.

கஞ்சித் தண்ணீர் வால்வையும் நல்ல தண்ணீர் வால்வையும் மூடி, குழாய் இணைப்புகளுக்கு நடுவே அடைப்புத் தகடு வைத்து முடுக்கிய பிறகு, கோவிந்தராசு அடியிலிருந்த வடிகால் திருகைத் திறந்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினான். ஏப்பம் விட்டது போல ஒரு சத்தம். சாம்பல் நிறத்தில், சளி மாதிரி கொழகொழவென்று ஒரு வஸ்து மெல்ல வழிந்து காலடிக்கு வந்தது.

நாற்றம் அதற்கப்புறம்தான் வந்தது. அழுகிய முட்டை, செத்த மாடு, புளித்த சோறு எல்லாம் ஒன்றாக ஒரு பானையில் வேகிற மாதிரி. கோவிந்தராசு துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினான். கூலி ஆட்களில் ஒருவன் குந்தி உட்கார்ந்து ஓங்கரித்தான்.

"யா அல்லா, உள்ள என்னாத்தப் பெத்து வச்சிருக்கீங்க?" என்றான் ஹிதாயத்துல்லா. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

பின்மூடியின் நட்டுகள் துருவேறிக் கட்டையாக நின்றன. கோவிந்தராசு மண்ணெண்ணெய் ஊற்றி, ஸ்பேனரைப் போட்டு, சுத்தியால் தட்டிப் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. அந்தச் சளி ஓடுகிற வாய்க்கால் சரியாகப் பின்மூடியின் கீழே இருந்தது. ஒவ்வொரு முறை குனியும்போதும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான்.

தணிகாசலம் தூரத்தில், யூடிகோலோன் செண்ட் நனைத்த கைக்குட்டையோடு நின்றிருந்தார். "அத்த விடுப்பா. பேசோ முன்பக்கமாத்தான வருது? பின்மூடிய எதுக்குக் கழட்டிக்கினு கெடக்குற?"

"காத்துக்கு சார். ரெண்டு பக்கமும் தொறந்தாத்தான் உள்ள காத்து போவும்."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்குது, இதுக்குள்ள பூராதா? முன்னாடி வா."

கோவிந்தராசு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாய்க்காலை விட்டு நகரச் சொன்னதே அவனுக்கு அப்போது வரம் போல இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்துவிட்டான்.

முன்மூடியை செயின் பிளாக்கில் மாட்டி, நட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி இறக்கினார்கள். உள்ளே குழாய்களின் வாய்கள் தேனடை மாதிரி தெரிந்தன. குழாய்கள் எல்லாம் சொருகியிருக்கிற கனத்த தகட்டில் கொக்கி போல்ட்டுகளைத் திருகி, சங்கிலி மாட்டி இழுத்தார்கள். பேசோ இம்மி நகரவில்லை. கொழுப்பு காய்ந்து வஜ்ஜிரம் போட்ட மாதிரி பிடித்திருந்தது.

"கம்பிக் கயித்தக் குழாயிலயே சுத்திக் கட்டி ஒரே இழுப்பா இழுங்கடா" என்றார் தணிகாசலம்.

"இழுத்தா குழாய் நசுங்கும் சார். கயிறு அறுந்தா நிக்கிறவன் கழுத்து போவும்" என்றான் கோவிந்தராசு. "பாய், சங்கிலியத் தளத்து. தள்ளு போல்ட்டு போடலாம்."

தகட்டின் ஓரத்தில் அதற்கென்றே மரையிட்ட துளைகள் இருந்தன. அவற்றில் நீளப் போல்ட்டுகளைத் திருகினால் அவை உருளையின் விளிம்பை உதைத்துத் தகட்டை வெளியே தள்ளும். ஒரு பக்கம் கால் சுற்று, எதிர்ப்பக்கம் கால் சுற்று. ஒரே பக்கம் திருகிவிட்டால் கட்டு கோணிக்கொண்டு உள்ளேயே இறுகிவிடும். கோவிந்தராசு துண்டுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து திருகினான். எங்கோ உள்ளே 'மொடுக்' என்றது. தகட்டின் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்கு இருட்டு தெரிந்தது.

அதற்கப்புறம் ஹிதாயத்துல்லாவின் ராஜ்ஜியம். கட்டு வருகிற வழியில் யாரும் நிற்கக்கூடாது, அதன் அடியில் கை விடக்கூடாது என்று அவன் ஒரு முறைதான் சொல்வான். மறுமுறை சொல்வது வசவாக இருக்கும். குழாய்களுக்கு நடுவே இருக்கிற தடுப்புத் தகடுகளுக்குக் கீழே மட்டும் மரக்கட்டை கொடுத்தான். வெறும் குழாயின் மேல் பாரம் விழவே விடவில்லை. இழுக்கிறது, நிறுத்துகிறது, கட்டை கொடுக்கிறது, மறுபடி இழுக்கிறது. அகலமான நாடாப் பட்டையில் தொங்கிக்கொண்டு பேசோ அங்குலம் அங்குலமாக வெளிச்சத்துக்கு வந்தது.

பித்தளையே தெரியவில்லை. சாம்பல் நிறச் சதை போர்த்தின மாதிரி இருந்தது. சதைக்குள் நூல் குச்சங்கள் நரம்பு போல ஓடின. நடுவில் ஓர் எலிக் குடும்பம் அப்படியே பதிந்து, வால்கள் மட்டும் வெளியே தொங்கின. கட்டு அசைகிறபோதெல்லாம் துண்டு துண்டாகச் சொத்துச் சொத்தென்று விழுந்தது. ஒரு துண்டு கோவிந்தராசுவின் புறங்கையில் விழுந்து, வெதுவெதுப்பாக, கீழே வழுகியது.

அவன் சுவரோரம் போய், காலையில் குடித்த காப்பி வரைக்கும் எடுத்துவிட்டான்.

சுரண்டுகிற வேலைக்குக் கூலி ஆட்கள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். "நாங்க பாரம் தூக்க வந்தோம். இத்தத் தொட எங்க சாதி ஒப்பாது" என்றான் ஒருவன். தணிகாசலம் உடனே வாட்ச்மேனை அனுப்பி அம்மாவாசையைக் கூட்டிவரச் சொன்னார்.

அம்மாவாசை மில் சாக்கடைகளை அள்ளுகிறவன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், கோவிந்தராசுவைவிட மூத்தவன். ஆனாலும் மில்லில் அவனை வாடா போடா என்று சொல்லாதவர்கள் இல்லை. வெளுத்த வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக வந்தான். தேருக்குப் புறப்பட்டு, பெண்சாதி கொளஞ்சியோடு பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் வாட்ச்மேன் பிடித்துவிட்டானாம்.

"திருநாளு சாமி. பொம்பள ரோட்டுலயே நிக்கிறா."

"வேலைய முடிச்சிட்டு சாயங்காலம் போடா. தேரு ஓடியா பூடும்?" என்றார் தணிகாசலம்.

அவன் வேட்டியை அவிழ்த்து மடித்து, அழுக்குப் படாத இடமாகப் பார்த்து மரக்கிளையில் வைத்துவிட்டு, சாக்குத் துண்டைக் கட்டிக்கொண்டான். கட்டை உருளைகளின் மேல் பேசோவை வேப்பமரத்தடிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மூங்கில் சிம்பாலும் தேங்காய் நாராலும் அவன் சுரண்ட ஆரம்பித்தான். எலிகளை வாலைப் பிடித்து இழுத்துக் குழியில் போட்டான். முகம் சுளிக்கவில்லை. அந்தச் சுளிக்காத முகத்தைப் பார்க்கவே கோவிந்தராசுவுக்கு என்னவோ செய்தது. அம்மாவாசை தண்ணீர் வாளி எடுக்க இந்தப் பக்கம் வந்தபோது, கோவிந்தராசுவின் கால் தானாகவே இரண்டடி பின்வாங்கியது. அம்மாவாசை அதைக் கவனித்தான். பழகிப்போனவன் மாதிரி சுற்றிக்கொண்டு போனான்.

உச்சிப்பொழுதுக்குக் குழாய்களில் மஞ்சள் தெரிந்தது. ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று ஹிதாயத்துல்லா எழுந்தான்.

"இந்த ஒடம்போட பள்ளிவாசல் படியேற முடியாது மேஸ்திரி. வூட்டுல போய் முழுவிட்டுத்தான் போவணும். நான் வர்ற வரைக்கும் எதையும் அசைக்காதீங்க."

"நீ போய்ட்டு வா பாய். நானும் கெணத்தடியில ரெண்டு வாளி ஊத்திக்கினு வரேன்."

கிணறு கேட்டுக்குப் பக்கத்தில். கோவிந்தராசு சவுக்காரக் கட்டி தேயத் தேயக் குளித்தான். புறங்கையை மண் போட்டுத் தேய்த்தான். அந்த வெதுவெதுப்பு மட்டும் போகவே இல்லை. மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டான். திரும்பிப் போக மனசே இல்லை.

அவன் வந்தபோது வேப்பமரத்தடியில் அம்மாவாசை இல்லை. தணிகாசலம் மட்டும் ஹீட்டருக்கு முன்னால், காற்று வரும் பக்கமாக நின்றிருந்தார். கூலி ஆட்கள் இருவரும் நிழலில் குந்தியிருந்தார்கள்.

"அம்மாவாச எங்க சார்?"

"உள்ள. அந்தக் கோடியில சேறு மொழங்கால் ஒசரம் நிக்குது. அத்த வாராம பேசோ எப்பிடி உள்ள போவும்? ரெண்டு கூடை வாரிப் போட்டான், பாரு."

கோவிந்தராசு பின்மூடியைக் காட்டினான். "பின்மூடி தொறக்கல சார்! ஒரு பக்கம் மூடியிருக்கச் சொல்ல ஆள உடலாமா? கயிறாவது கட்டி உட்டீங்களா?"

"சாக்கடையிலயே பொழங்குறவனுக்குக் கயிறு என்னாத்துக்கு? அவனுக்கு இதெல்லாம் பூ வாசன மாதிரி."

கோவிந்தராசு உருளையின் வாய்க்குப் போய்க் குனிந்தான். உள்ளே கூடை சுரண்டுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. "அம்மாவாச! டேய் அம்மாவாச!" என்று கூப்பிட்டான். அவன் குரல்தான் இரும்பில் மோதித் திரும்பி வந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நாற்றமே அடிக்கவில்லை. காலையில் பத்து கஜத்துக்கு அப்பால் அவனைத் துரத்தியடித்த நாற்றம், மூக்கை அதன் வாயிலேயே வைத்திருக்கும்போது இல்லை. குளித்த சவுக்கார வாசனையும் இல்லை. மூக்கு செத்துப்போயிருந்தது. தலை கிறுகிறுவென்றது. ஷெஃப் ஒருமுறை சொல்லியிருந்தார், உடைந்த தமிழில்: நாத்தம் இருந்தா ஓடலாம், நாத்தம் நின்னா ஓட முடியாது.

பின்னால் சாய்ந்து விழாத குறையாக வெளியே வந்தான். கூலி ஆட்களில் சிறியவன் எழுந்து உள்ளே நுழையப் போனான். கோவிந்தராசு அவன் இடுப்பைப் பிடித்து இழுத்துத் தள்ளினான்.

"நீயும் போய்ப் படுத்துக்குவடா! உள்ள இருக்கிறது விஷக் காத்து. பட்டறைக்கு ஓடு, உலைக்குக் காத்து அடிக்கிற பிளோயர் இருக்குல்ல, தூக்கிக்கினு வா. நீ பாய்லர்ல சாம்பல் வாருற நீளக் கொக்கிய எடு. ஓடுங்கடா!"

கையால் சுற்றுகிற பிளோயர் வந்தது. ரப்பர்க் குழாயை உருளைக்குள் விட்டு, பெரியவன் கைப்பிடியைச் சுற்றினான். கோவிந்தராசு ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, மூச்சை நிறுத்தி, தோள் வரை உள்ளே நுழைந்து கொக்கியை நீட்டினான். வாய் வழியே போன வெளிச்சத்தில், அந்தக் கோடியில் ஒரு முதுகு தெரிந்தது. முகம் சேற்றில் கவிழ்ந்திருந்தது. கொக்கி வழுக்கியது. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனான். இடுப்புச் சாக்கின் கயிற்றில் கொக்கி மாட்டியது. அந்த நேரத்துக்கு ஓடி வந்த ஹிதாயத்துல்லா, வெள்ளை ஜிப்பாவோடு கோவிந்தராசுவின் இடுப்பைப் பற்றிக்கொண்டான். இருவருமாக இழுத்தார்கள். அந்தச் சளியே இப்போது உதவியது. அம்மாவாசை வழுக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் விழுந்தான்.

ஆள் என்று சொல்ல முடியாது. தலையிலிருந்து கால்வரை சாம்பல் பூசின கட்டை. வாய் நிறையச் சேறு. மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை.

கூலி ஆட்கள் இருவரும் வட்டமாக விலகி நின்றார்கள். தணிகாசலம் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே இல்லை. "தண்ணி ஊத்துங்கடா, தூரத்துலேர்ந்து ஊத்துங்க" என்றார்.

கோவிந்தராசு குந்தி உட்கார்ந்தான். அவன் உடம்பில் ஒவ்வொரு மயிர்க்காலும் வேண்டாம் வேண்டாம் என்றது. விரலை அந்த வாய்க்குள் விட்டான். கொழகொழவென்று வந்ததை வழித்து எறிந்தான். மறுபடி விட்டான். நாக்குக்குக் கீழே, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், எல்லாம் வழித்தான். நடுவில் குமட்டல் தாங்காமல் திரும்பி, தன் தோளின் மேலேயே வாந்தி எடுத்தான். துடைத்துக்கொள்ளக் கை சும்மா இல்லை. கடலில் மூழ்கினவனுக்கு வீராம்பட்டினத்தார் செய்கிற மாதிரி அம்மாவாசையைக் குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினான், விட்டான், அழுத்தினான். ஹிதாயத்துல்லா கைகளைப் பிடித்து மேலே தூக்கித் தூக்கி இறக்கினான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு இருமல் வந்தது. கூடவே கறுப்பாக ஒரு வாய்த் தண்ணீர். பிறகு, ஓட்டைத் துருத்தி மாதிரி மூச்சு.

கோவிந்தராசு அவனைத் திருப்பித் தன் மடியில் சாய்த்துக்கொண்டான். கண் மெதுவாகத் திறந்தது. எங்கே இருக்கிறோம் என்று பார்த்தது. யார் மடியில் என்று பார்த்தது. உடனே அந்தச் செத்துப் பிழைத்த உடம்பு நழுவிக் கீழே இறங்கப் பார்த்தது.

"சாமி... ஒங்க மேல பட்டுடுச்சே சாமி. குளிச்சிட்டு வந்தீங்களே..."

காலையிலிருந்து கோவிந்தராசுவுக்கு எத்தனையோ தடவை குமட்டியிருந்தது. இந்த ஒரு சொல்லுக்குக் குமட்டியது போல எதற்கும் குமட்டவில்லை. எலிகள், சேறு, சளி எதுவும் இதற்கு ஈடில்லை. "கம்முனு படு" என்றான்.

"மில்லு வேன் இருக்கில்ல சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போவலாம்" என்றான் ஹிதாயத்துல்லா.

தணிகாசலம் தயங்கினார். "மானேஜர் வீட்டு அம்மா போற வேன்யா அது. சீட்டெல்லாம் நாறிப்பூடும். ரிக்‌ஷா பாருங்க."

திருநாள் அன்றைக்கு ரிக்‌ஷாக்காரன் எவன் இருப்பான்? பஞ்சு மூட்டை ஏற்றும் கைவண்டியை ஹிதாயத்துல்லா தள்ளிக்கொண்டு வந்தான். தன் ஜிப்பாவைக் கழற்றி அதில் விரித்தான். அம்மாவாசையைக் கிடத்தி, சிறிய கூலி ஆளையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

கோவிந்தராசு அங்கேயே நின்றான். தணிகாசலம் பக்கத்தில் வந்தார். ரொம்பப் பக்கத்தில் இல்லை.

"நல்ல வேள பொழச்சான். கோவிந்தராசு, மானேஜர் கேட்டாருன்னா ஒண்ணு சொல்லிடுவோம். திருநாளுன்னு ஆளு காலையிலயே சாராயம் போட்டுக்கினு வந்துட்டான், உள்ள போய் மயங்கிட்டான்னு. அவனுக்கும் ஒண்ணும் கெடுதி இல்ல பாரு. சரி, பேசோவ உள்ள தள்ளுற வேலையப் பாரு. காலையில சங்கு ஊதணும்."

கோவிந்தராசு அவரைப் பார்த்தான். சலவை மடிப்புக் கலையாத சட்டை. யூடிகோலோன் வாசனை. மூக்குக்கு உயிர் வந்துவிட்டிருந்தது போல. அந்த வாசனையில் அவனுக்கு மறுபடி வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுகிற எச்சில்.

"அவன் வாயிக்குள்ள விரல உட்டவன் நான். அதுல சாராயம் இல்ல சார். மில்லு கஞ்சிதான் இருந்துச்சு."

"அதுக்கு என்னாங்குற?"

"பின்மூடி கழட்டாம பேசோ உள்ள போவாது. ஒரு ராத்திரி காத்து போவணும். நாளைக்கு சங்கு ஊதட்டும், ஊதாம இருக்கட்டும். நீங்களே தள்ளுறதுன்னா தள்ளிக்குங்க."

சனிக்கிழமை ஹீட்டர் இல்லாமல் போனது. பின்மூடியை அறுத்தெடுக்கும் வரை அதன் கீழே ஓடும் வாய்க்காலில் வெந்நீர் விட முடியாமல் அலசல் பகுதி நின்றது. மானேஜர் தம் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, ஏன் பாதி ஷிஃப்ட் போயிற்று என்பதுதான். கோவிந்தராசு நடந்ததை நடந்தபடி சொன்னான். ஹிதாயத்துல்லா ஆமாம் என்றான். மானேஜர் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, "இனிமே ரெண்டு மூடியும் திறங்க. இத்தோட முடிஞ்சுது" என்றார். தணிகாசலத்திடம் அவர் என்ன கேட்டாரோ தெரியாது. ஆனால் தணிகாசலம் சிரித்த முகமாகத்தான் வெளியே வந்தார்.

பின்மூடியின் நட்டுகளை ஒவ்வொன்றாக வாள் போட்டு அறுத்து எடுத்தார்கள். காற்று இரவெல்லாம் ஊதியது. ஞாயிற்றுக்கிழமை, மீதிச் சேற்றை இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் பீச்சியே வெளியேற்றினார்கள். யாரும் உள்ளே போகவில்லை. பேசோவைப் பட்டையில் தொங்கவிட்டு, மட்டம் பார்த்து, உருளையின் நடுவுக்கு நேராக நிறுத்தி, அடித் தண்டவாளத்தில் கிரீஸ் தடவி, தடுப்புத் தகடுகள் விளிம்பில் இடிக்காமல் கையால் வழிகாட்டி உள்ளே விட்டார்கள். சங்கிலி இறுகினால் நிறுத்து, கோணினால் வெளியே எடு என்று ஹிதாயத்துல்லா தொண்டை கட்டக் கத்தினான். புது வாஷர் வைத்து எதிரெதிராக முடுக்கினார்கள். பச்சைத் தண்ணீரை ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகுதான் சூட்டை விட்டார்கள். வேலையில் ஒரு சொட்டுக் குறை இல்லை. எப்போதும் இப்படி ஒரு வேலை முடிந்தால் கோவிந்தராசு உருளையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரிப்பான். அன்றைக்கு ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனான். அம்மாவாசை கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண்கள் இரத்தமாக இருந்தன. இவனைப் பார்த்ததும் எழப் போனான். கொளஞ்சி தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"யாரு வந்தா என்னா, நீ உக்காரு" என்றாள். பிறகு கோவிந்தராசுவின் பக்கம் திரும்பினாள். "நீதான் புடிச்சி இழுத்தியாம். நல்லாருப்பா. ஆனா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. குடிச்சிட்டுக் கெடந்தாருன்னு மில்லுல சொல்றாங்களாமே? குங்குமம் வாங்கித் தரேன்னு என்னக் கூட்டிக்கினு போன மனுஷன் குடிச்சிட்டா வருவாரு?"

"குடிக்கலம்மா. எனக்குத் தெரியும்."

"ஒனக்குத் தெரிஞ்சி என்னா ஆவும்? சொல்லணும். இவரு அந்த இரும்புக்குள்ள இனிமே போவாரா, போவமாட்டாரா? அதயும் சொல்லு."

"போவமாட்டாரு" என்றான் கோவிந்தராசு. அம்மாவாசையை அவன் 'அவர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாய்க்குப் புதுசாக இருந்தது. அம்மாவாசை காதில் விழாதவன் போல ஜன்னலைப் பார்த்தான்.

கொளஞ்சி சொன்னது பொய்யில்லை. மில்லில் சாராயக் கதை அதற்குள் சுற்றி வந்துவிட்டிருந்தது. கேண்டீனில், பீடி பற்ற வைக்கிற இடத்தில், சைக்கிள் ஷெட்டில் எங்கும் அதே சிரிப்பு. தள்ளாடிக்கொண்டு உள்ளே நுழைந்தானாம், எலியோடு படுத்துக்கொண்டானாம். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அம்மாவாசையைக் கண்ணெடுத்துப் பார்த்திராதவர்கள். கோவிந்தராசு கேட்ட இடத்திலெல்லாம் மறுத்தான். இரண்டு பேரோடு கைகலப்பு வரைக்கும் போயிற்று. "மேஸ்திரிக்கு அன்னிக்கு மூக்கோட மூளையும் போயிடுச்சி" என்று ஒரு பேச்சும் புதிதாகக் கிளம்பியது. அவர்கள் பேசுகிறபோது அவர்கள் வாயைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது.

அம்மாவாசை மில்லுக்குத் திரும்பவில்லை. மார்பு இரைப்பு நின்றபாடில்லை. நோணாங்குப்பம் பக்கம் கொளஞ்சியின் தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று ஹிதாயத்துல்லா விசாரித்து வந்து சொன்னான். சாக்கடைக்கு வேறொருவன் வந்தான். அவனையும் முதல் நாளிலேயே வாடா போடா என்றார்கள்.

ஐப்பசியில் ஆயுத பூஜை. பாய்லர் கூடத்தில் மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். தணிகாசலம் வெற்றிலைத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு. கோவிந்தராசுவுக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு வெற்றிலையில் பாக்கை வைத்து மடித்து நீட்டினார்.

"இந்தா கோவிந்தராசு. மனசுல எதையும் வச்சிக்காத. நல்ல நாளும் அதுவுமா."

கோவிந்தராசு அந்தக் கையைப் பார்த்தான். சுத்தமான கை. நகம் வெட்டி, மோதிரம் போட்டு, சந்தனம் மணக்கிற கை. அந்தக் கை ஒரு நாளும் எதையும் தொட்டதில்லை. தன் கையை அவன் வேட்டியில் மெதுவாகத் துடைத்துக்கொண்டு பின்னால் வைத்துக்கொண்டான்.

"வேணாம் சார். ஒங்க கையால எனக்கு எதுவும் எறங்காது."

தணிகாசலத்தின் முகம் கறுத்தது. தட்டை இறக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார். அடுத்து நின்றவன் ஹிதாயத்துல்லா. அவன் கூரையிலிருந்த செயின் பிளாக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கடுத்தவன் வாங்கிக்கொண்டான், அதற்கடுத்தவனும் வாங்கிக்கொண்டான். கோவிந்தராசு பொரிப் பொட்டலத்தைப் பெஞ்சின் மேலேயே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.